ஆட்டுத்தோல் பட்டயம்

இர்ஃபான் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி நம் படக்குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தபோது, நான் ஆம்பூருக்குப் பேருந்தில் இருந்தேன். அவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி ஒடுகத்தூர்ப் பக்கம் போவதாக இருந்தது.

அவர் இயக்கிய படத்தில் வேலை செய்த உங்களுக்கு அந்தப் பட்டயம் நினைவிருக்கும். புதுப் பணக்காரர் ஒருவருக்குக் கோயிலில் முதல் மரியாதை வாங்கித்தர, இரண்டு திருடர்கள் பழைய அரசர் பெயரில் செய்யும் போலி. வாசகத்தை நான்தான் எழுதினேன்.

"செப்புத் தகட்டுலதானேண்ணா எழுதுவாங்க?" என்று கேட்டேன்.

"கோயில் மரியாதைய எந்த ராஜாம்மா ஆட்டுத்தோல்ல எழுதித் தருவான்? நம்ம ஊர்த் திருடனுங்க கைக்குக் கெடைச்சது தோலு. பாத்தவொடன சிரிக்கணும்."

ஒடுகத்தூர்ப் பக்கம் படப்பிடிப்புக்கு வீடு கொடுத்த பெரியவர் ஞாபகார்த்தமாகக் கேட்டார் என்று, முடிந்ததும் அண்ணன் அதை அவரிடமே கொடுத்துவிட்டார்.

போன மாதம் அதே ஊரிலிருந்து செல்வி அக்கா போன் செய்தார். செருப்புக் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். தலைமுறை தலைமுறையாகத் திருவிழாவில் முதல் மரியாதையான பரிவட்டம் அவர் வீட்டுக்குத்தான். "அந்தப் பெரியவரு வீட்டுல உங்க தோல பூஜையில வச்சி, மரியாத எங்களதுன்றாங்க. நாங்க இன்னா பண்றது?"

நானும் அண்ணனும் போனோம். பட்டயத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. "ஐயா, இது நான் செஞ்சது," என்றார் அண்ணன்.

"நீ சினிமாக்காரன். நீ சொல்றத எப்படி நம்பறது?" என்றார் பெரியவர்.

அண்ணன் போனில் எங்கள் படத்தைக் காட்டினார். பெரியவர் ஊராரைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களா, நம்ம பட்டயத்த வச்சித்தான் படமே எடுத்திருக்கான்." பலர் தலையாட்டினார்கள்.

திரும்பும் வழியில் அண்ணன் வெகுநேரம் சிரித்தார். பிறகு, "சிரிப்பாங்கன்னு ஜாஸ்தி நம்பிட்டோம்மா," என்றார்.

பட்டயம் வெட்டியதுபோக மிச்சமிருந்த தோலை அவர் தேடி எடுத்து வைத்திருந்தார். ஓரத்தோடு ஓரம் பொருத்திக் காட்டலாம் என்பது அவர் எண்ணம். அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மனைவி அதை என் கையில் கொடுத்தார். அவருடையதாக என்னிடம் இருப்பது அது மட்டுமே.

வரும் ஞாயிறன்று கோயிலில் ஊர்க்கூட்டம். ஓரங்கள் பொருந்தும். பொருந்தினாலும், மிச்சத் தோலும் ராஜா கொடுத்ததுதான் என்று அவர்கள் சொல்லக்கூடும். கூட்டத்தில் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. இத்தனை நாள் அண்ணன் முன்னால் நின்றார், நான் பின்னால் நின்றேன். இந்த முறை செல்வி அக்கா பக்கத்தில் நின்று, அந்த ராஜா நான்தான் என்று சொல்லவேண்டும்.