அடி தட்டாத கார்

என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டே சீட். தரையோடு தரையாக இருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்தால் இன்னும் தாழும். அதனால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலிருந்து புத்தூர் வரை, எந்த வேகத்தடை வந்தாலும் நான் இறங்கிவிட வேண்டும். அவர் காரைக் குறுக்காக வளைத்து ஏற்றி இறக்குவார். நான் பின்னால் நடந்துபோய் மறுபடி ஏறிக்கொள்வேன். பட்டுப்புடவை கட்டிக் கல்யாணத்துக்குப் போனாலும் இதே கதைதான்.

"ஏங்க, கார்ல போறீங்களா, நடந்து போறீங்களா?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்காத நாளில்லை. எரிச்சலாக வரும்.

போன மாதம் காரை விற்க முடிவு செய்தோம். சென்னையிலிருந்து ஒருவர் தன் நண்பரோடு வந்தார். வந்ததுமே விலையைக் குறைக்கப் பார்த்தார்.

"இந்த ஊரு ரோட்டுல ஓடின வண்டி, அடி தட்டாம இருக்குமா? பாதி வெலைக்கு மேல போகாதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "தூக்கிப் பாத்துட்டு வெலை பேசுங்க," என்றேன்.

பாலக்கரை ஒர்க்‌ஷாப்பில் காரை லிஃப்டில் ஏற்றினார்கள். அவர் டார்ச் அடித்து, கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து தேடினார். ஒரு கீறல் இல்லை.

"எப்படிங்க இது?" என்றார்.

"எல்லாம் இவங்க எறங்கி நடந்த நடைங்க," என்று என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். நாங்கள் சொன்ன விலைக்கே முடிந்தது.

மறுநாள் காலை சென்னைக்காரர்கள் இருவரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எதிர்வீட்டு அம்மாவும் வாசலில் நின்று பார்த்தார். தெருமுனை வேகத்தடையில் கார் நின்றது. கதவு திறந்தது. அந்த நண்பர் இறங்கி நடந்தார்.