குளிரில் விழாத இரண்டாம் கியர்

மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்குவதற்கு முன்பே, என் அப்பா ஓட்டிய பிக்கப் வண்டியின் இரண்டாம் கியர் தெருவை எழுப்பிவிடும். கிளட்சை மிதித்து, முதல் கியரிலிருந்து இழுத்து, இரண்டாவதுக்குத் தள்ளுவார். கியர் கம்பி சேற்றில் புதைந்த கழிபோல நகராது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால், கர்ர்ரக்! பல்லோடு பல் அரைபடும். கேட்கிறவர்களுக்கே தாடை கூசும்.

பெருமாநல்லூர் சாலையில் ஒரு காம்பாக்டிங் கம்பெனியின் வண்டி அது. சாயம் போட்டு வந்த பனியன் துணியைச் சூடான உருளைகளுக்கிடையே விட்டு அழுத்தி, பிறகு சுருங்காதபடி அளவுக்குக் கொண்டுவருகிற தொழில். சாயப்பட்டறைகள் நொய்யல் ஆற்றுக்கு நாளொரு நிறம் கொடுத்துக்கொண்டிருந்த காலம். விடியுமுன் பட்டறைக்குப் போய்த் துணி ஏற்றிவருவது அப்பாவின் வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் நாங்கள். அப்பாவுக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அது நன்றாகத் தெரியும்.

முதலாளியின் வீடு கம்பெனிக்கு மேல்மாடியில். சத்தம் நேராக அவர் கட்டிலுக்குப் போகும்.

"ஏனுங்க டிரைவர், அது கியருங்களா, கரும்பு ஜூஸ் மெஷினுங்களா?" என்று மேலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பார். அப்பா சிரித்து வைப்பார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அப்பா திரும்பி வந்து துணியை இறக்கியதும் முதலாளியே அந்த வண்டியை எடுத்துக்கொண்டு பேங்குக்கோ தோட்டத்துக்கோ போவார். அந்த நேரத்துக்குக் கியர் தானாக விழும். திரும்பி வந்து சாவியைக் கொடுக்கும்போது நாலு பேர் காதில் விழுகிற மாதிரிச் சொல்வார்: "எனக்கு வெண்ணெயாட்டம் விழுகுதுங்களே. உங்களுக்கு மட்டும் ஏனுங்க மொறைக்குது?"

ஒருநாள் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "பொங்கல் வரைக்கும் பாக்கறனுங்க. அதுக்கு மேலயும் கை சரியாகலீன்னா வேற ஆளத்தான் பாக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க." கழுத்தில் கத்தி வைக்கும்போதும் 'ங்க' சேர்த்து வைக்கிற ஊர் இது.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் இரண்டாம் ஆண்டு. பாதியாக அறுத்து வைத்த கியர்பாக்ஸ் ஒன்று எங்கள் ஒர்க் ஷாப்பில் இருந்தது. மற்றவர்கள் கேண்டீனுக்குப் போனால் நான் அதைக் கையால் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவை வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள் என்று கேட்டதும் எனக்குப் பயத்தைவிட உற்சாகம்தான் முதலில் வந்தது. இது என் பாடம்! பரீட்சை விடுமுறையில் அப்பாவோடு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

கிளம்பும்போது இரண்டாம் கியர் கல். பாதி வழியில் இளகியது. பட்டறை வாசலை அடையும்போது ஒரு விரலால் தள்ள முடிந்தது. மறுநாள் விடியலில் மறுபடி கல். பல்சக்கரம் தேய்ந்திருந்தால் பத்து மணிக்கும் தேய்ந்துதானே இருக்கும்? ஓட்டுகிறவன் கை கெட்டிருந்தால் திரும்பி வரும்போதும் கெட்டுத்தானே இருக்கும்? குளிரில் ஒன்றாகவும் சூட்டில் ஒன்றாகவும் இருக்கக்கூடியது எண்ணெய். அடியில் படுத்து கியர்பாக்ஸின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி விரலை விட்டேன். வெல்லப்பாகு போல இழுத்துக்கொண்டு வந்தது.

காம்பாக்டிங் மெஷினைப் பராமரிக்கிற ஃபிட்டரிடம் விரலைக் காட்டினேன். பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"நம்ம மெஷின் கியர்பாக்ஸுக்கு வாங்குன பேரல் எண்ணெதான் தம்பி. ஆயுத பூஜையன்னிக்கு எல்லா மெஷினுக்கும் எண்ணெ மாத்துவமுல்ல? இந்த வருசம் வண்டியையும் வரிசையில நிறுத்தியாச்சு. மொதலாளியே சந்தனம் குங்குமம் வெச்சு, தன் கையால ஊத்துனாரு. எல்லாம் கியர் ஆயில்தானே?"

அந்த மெஷின் நாள் முழுக்கச் சூட்டுக்குப் பக்கத்தில் ஓடுவது. அதற்குக் கெட்டியான எண்ணெய் வேண்டும். அதே எண்ணெய், ராத்திரி முழுக்கப் பனியில் நிற்கிற வண்டிக்குள் உறைந்துபோய்ப் பல்சக்கரங்களைப் பிடித்துக்கொள்கிறது. பூஜை சமயத்தில் வெக்கை இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மார்கழி வந்ததும் பழி அப்பாவின் கையில் விழுந்தது.

அப்பாவிடம் ஓடினேன். அவர் பீடியைக் கீழே போட்டார்.

"வாய மூடுல. சாமி கும்பிட்டு அவரு கையால ஊத்துனது. அதப் போயித் தப்புன்னு சொல்லுவியோ?"

"தப்புதானப்பா."

"தப்புதான். அதுக்கு?"



எண்ணெய் என்ற சொல்லையே எடுக்க மாட்டேன், ஒரே ஒரு நாள் விடியலில் முதலாளியையே ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன் என்று கெஞ்சி அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். முதலாளியும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். "இஞ்சினியரு கூப்படறாரு, வராம இருக்க முடியுங்களா?"

மறுநாள் குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக இறங்கி வந்தார். ஷிப்டு முடிந்த ஆட்கள் கேட்டுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கிளப்பினார். முதல் கியர் எப்படியோ விழுந்தது. இரண்டாவதுக்குத் தள்ளினார். கர்ர்ரக்! மறுபடியும் தள்ளினார். அதைவிடப் பெரிதாக ஒரு கர்ர்ரக். மூன்றாவது முறை வண்டி கேட்டை அடைத்துக்கொண்டு நின்றே போனது.

டீ கிளாஸ்களுக்கிடையிலிருந்து ஒரு குரல், "ஜூஸ் ரெடிங்க" என்றது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிரூபித்தாயிற்று, அவ்வளவுதானே?

முதலாளி இறங்கினார். குல்லாயைக் கழற்றி மடித்தார். என்னைப் பார்த்து, "பாத்தியா கண்ணு," என்றார் வெகு மென்மையாக. "எங்கைக்கே விழுகாத அளவுக்குப் பல்லெல்லாம் தேச்சு வெச்சுப்போட்டாரு உங்கப்பா."

அதற்குப் பிறகு எந்தச் சத்தியமும் என் நினைவில் இல்லை. "தேயலீங்க, எண்ணெய்ங்க! மெஷின் எண்ணெய். ஆயுத பூஜைக்கு ஊத்துனது!" என்று கத்திவிட்டேன். இன்றைக்கும் கத்துவேன்.

அவர் ஃபிட்டர் பக்கம் திரும்பினார். "என்ன எண்ணெய்ங்க ஊத்துனோம்?"

ஃபிட்டர் தன் செருப்பைப் பார்த்தார். "நெனப்பில்லீங்க."

அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றார். "சின்னப்பய மொதலாளி. படிச்ச திமிரு. மனசுல வச்சுக்கிடாதீங்க."

"அட, படிக்கிற பையன், பேசட்டுமுங்க," என்று முதலாளி அப்பாவின் தோளைத் தட்டினார். "நீங்க பொங்கலுக்கு ஊருக்குப் போயி நிதானமா இருங்க. நானே சொல்லியனுப்பறனுங்க."

சொல்லியனுப்பவில்லை.

பொங்கல் முடிந்த வாரத்திலேயே வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டு எண்ணெயை மாற்றிவிட்டார்கள். டீக்கடையில் ஃபிட்டரே குனிந்து என் காதில் சொன்னார். "நாஞ் சொன்னேன்னு சொல்லீராத தம்பி." புதிதாக ஒரு டிரைவர் வந்தார். "அவரு கை தங்கமுங்க. ஒரு சத்தம் கேக்கோணுமே!" என்று முதலாளி போகிற இடமெல்லாம் சொன்னார். அவர் போகிற இடங்களில்தான் அப்பாவும் வேலை கேட்டுப் போனார். "ஓ, அந்தக் கியர் டிரைவருங்களா?" என்று மரியாதையாகவே கேட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். வண்டி கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங்கிலிருந்து தையலுக்குப் பண்டல் தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

மாசி வந்தும் விடியல் குளிர் விடவில்லை. ஒருநாள் அப்பாவும் நானும் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது கம்பெனி கேட்டிலிருந்து அந்த பிக்கப் வெளியே வந்தது. எங்களைத் தாண்டும்போதுதான் இரண்டாவதுக்கு மாறியது. ஒரு சத்தமில்லை. அப்பாவின் இடது கை அவரையறியாமல் தொடைக்குப் பக்கத்தில் ஒருமுறை கியர் மாற்றுவதுபோல் அசைந்தது.

"எவ்வளவு பதமாப் போடுதான் பாரு," என்றார்.

"எண்ணெய மாத்திட்டாங்கப்பா. அதான்."

"இருக்கும்." வண்டி திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் கடைசியில கை கொஞ்சம் சொணங்கத்தான் செஞ்சுதோ என்னமோ," என்றார்.

இல்லை என்று சொன்னேன். மறுபடியும் சொன்னேன். பஸ் வந்துவிட்டது, கூட்டத்தில் முண்டி ஏறிவிட்டார்.