குருவிக்கு ஒளிந்து நின்றது

அப்பா வாங்கி வந்த மைனா, கடையில் வாய் ஓயாமல் கத்தியது. எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அதைப் புதைத்துவிட்டு வந்த அம்மா, "இனிமே இங்க ஒரு குருவி வந்தா அது உசுரோட இருக்கணும். இன்னொண்ண என் கையால பொதைக்க முடியாது" என்றாள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து, அவசரகாலம் என்று ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார்கள். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்தால் அவள் அந்த வெறுங்கூண்டையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

அந்த மைனாவிடம் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். பக்கத்தில் போனால் நிமிர்ந்து உட்காரும். அதற்குத் தெரியாமல் பலகை இடுக்கில் பார்த்தால், உடம்பை உப்பிக்கொண்டு கண்மூடிக் கிடக்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோட்டப் பள்ளியிலேயே ஆசிரியை வேலையும் கிடைத்தது. முதல் சம்பளத்தோடு, குருவி வாங்கக் கோலசிலாங்கூர் டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

குருவிக் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் தமிழ் முஸ்லிம், வாசலில் மெர்போக் கூண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார். மெர்போக் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் புறா.

"இத எடுத்துக்கங்க டீச்சர். இது கூவுனா பக்கத்துக் கம்பத்துல ஊரே எந்திரிச்சு உக்காரும்."

"கொஞ்சம் தள்ளி நின்னு பாக்குறேன் நானா."

"தள்ளி நின்னா வெல கொறஞ்சு தெரியுமோ?"

எதிரே நின்ற லோரிக்குப் பின்னால் போய், தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் யாரும் செய்யக் கூடாத காரியம் அது. துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார்.

"யாருக்கு ஒளியிறம்மா?"

"குருவிக்குங்க."

அடையாள அட்டையை வாங்கிப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரும் குனிந்து லோரிச் சக்கரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

நானா உள்ளே போனார். கூண்டுகளுக்கு அருகில் யாரும் இல்லை. அவர் புகழ்ந்த பறவை, அந்த மைனாவைப் போலவே, மெல்ல உப்பி உருண்டையாயிற்று. மூச்சுக்கு மூச்சு அதன் வால் ஏறி இறங்கியது. ஓரத்துக் கூண்டில் நிறம் மங்கிய ஒன்று ஒற்றைச் சிறகையும் ஒற்றைக் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டிச் சோம்பல் முறித்தது. இறகு ஒவ்வொன்றையும் அலகால் நீவியது. பிறகு தொண்டை உப்ப, தனக்காக மட்டும் கூவியது.

போலீஸ்காரர் எங்கள் பக்கத்து ‘லா’ போட்டு, தாழ்ந்த குரலில், "ஓரத்துல இருக்கறத எடு லா" என்றார்.

நானா அதை என் கையில் வைத்தார். கண் தெளிவாக இருந்தது, வாலுக்கு அடியில் எச்சம் ஒட்டாமல் சுத்தமாக இருந்தது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இத்தனை வேகமாக ஒரு நெஞ்சு துடிக்கும் என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

வீட்டில் அது அசையாமல் உட்கார்ந்துவிட்டது. அரசாங்கம் அளந்து கொடுத்த பங்கு அரிசியில் அம்மா பொறுக்கி வைத்த குருணையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இதுவும் திங்கலியே" என்றாள் அம்மா.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவுக்குப் பின்னால் அவளை நிறுத்தினேன்.

"ஏண்டி, என் வீட்டுலயே என்னைய ஒளிஞ்சு நிக்கச் சொல்றியா?"

"மூச்சு விடாதம்மா."

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு டிக், டிக் என்று சத்தம். அலகு குருணையில் இறங்கி ஏறியது. அம்மா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் சோறு தீயும் வாசனை வந்தது. இரண்டு பேரும் வெளியே வரவில்லை.