பாலைவனத்தில் கூடாரம் அடிப்பவர்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடைக்கு ஒவ்வொரு ஜனவரியும் ஒருவர் வருவார். புறநகரான வில்லியே லே பெல் பக்கம் பஸ் ஓட்டுகிறவர். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி. எவ்வளவு குளிர் என்றாலும் கடைக்குள் நிற்க மாட்டார். சாமான் எழுதிய துண்டை என்னிடம் தந்துவிட்டு வாசலிலேயே நிற்பார்.

எங்கள் ஆட்கள் லீவை ஓகஸ்ட் மாதத்துக்குச் சேர்த்து வைப்பார்கள். இவரோ முழு லீவையும் குளிர்காலத்தில் எடுத்து, தன் பழைய வேனில் மொரோக்கோ பாலைவனத்துக்குப் போவார். பென்ஷன் எடுத்த பிரெஞ்சுக்காரர் பலர் அங்கே கூடாரம் அடித்து மாதக்கணக்கில் தங்குவார்களாம். அவர்களோடு இவரும் தங்குவார்.

யுத்தம் முடிந்த வருடம் அவர் வவுனியா அகதி முகாமில் கம்பி வேலிக்குள் இருந்தவர் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அரிசி மூட்டையை வேனில் ஏற்றும்போது கேட்டுவிட்டேன்.

"அண்ணை, அவ்வளவு நாள் டென்டுக்கை கிடந்திட்டு, திரும்பவும் டென்டுக்கோ?"

"ஓம். விடிய எழும்பி நடக்கத் தொடங்குவன். மத்தியானம் வரைக்கும் நடந்தாலும் ஒரு முள்ளுக்கம்பி குறுக்கை வராது தம்பி. நீரும் ஒருக்கா வாருமன்."

அன்று வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவளும் அதே முகாமில் இருந்தவள். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"டென்டோ? முகாமிலை கிடந்ததே எனக்கு இந்தச் சென்மத்துக்குக் காணுமப்பா."

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. அது எப்படி என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.