மலர் வளையம் போட்ட இஞ்சின்

பெர்னார்ட் மிட்ஜ்லி பிப்ரவரியில் இறந்தார். ஏப்ரலில் அவர் மனைவி ஈனிட், டாஃபி டப்பாக்களை வீட்டை விட்டு எடுத்துப் போகும்படி மகளிடம் சொன்னார்.

டப்பாக்களில் டாஃபி இல்லை. ரயில் படங்கள். சின்னச் சின்ன அட்டைச் சட்டத்தில் வைத்த கலர் ஸ்லைடுகள். ஹாலிஃபாக்ஸ் நகரில் டாஃபிக்குக் காகிதம் சுற்றும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவராகச் சேர்ந்து, அதே ஆலையில் ஓய்வு பெற்றவர் பெர்னார்ட். நசுங்கிய டப்பாக்களை ஆலை சும்மா கொடுத்தது. சனிக்கிழமை எடுத்த படங்கள் அவற்றில் போயின. எதன் மேலும் அவர் ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை. எல்லாம் தலையில் இருந்தது. தலை போய்விட்டது.

"எடுத்துட்டுப் போயிடு ரூத். மனுஷனே போயிட்டாரு, அவர் இஞ்சினுங்க மட்டும் எதுக்கு அலமாரியில குந்திக்கிட்டு."

"அவரோட ரயில் கிளப்புல குடுத்துடறேம்மா."

"குடு. முக்கியமா அந்த மாலை போட்டதைக் குடு. நீ பொறந்த அன்னைக்கு என் பக்கத்துல நிக்காம அது பக்கத்துலதானே நின்னாரு."

ரூத் இதைப் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறாள். 1965 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. மூடவிருந்த ஸ்கெல்பெக் கிளைப் பாதையில் அன்று கடைசி ரயில். இஞ்சினின் முகத்தில் மலர் வளையம் மாட்டி ஓட்டினார்கள். ஊரே பார்க்கப் போனது. அதே நாள் மலை மேல் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியில் ரூத் பிறந்தாள். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் பெர்னார்ட் வந்தபோது அவர் கோட்டில் நிலக்கரிப் புகை வாடை அடித்தது. ஈனிட்டுக்கு அது போதும். அன்று கொடுத்த தீர்ப்பை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டிலும், ரூத்தின் கல்யாணத்திலும், கடைசியாக அடக்கம் முடிந்து ஹாம் சாண்ட்விச் பரிமாறும்போதும் வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பெர்னார்ட்டும் இருந்தவரை சிரித்தார்.

ரூத் ஒரே ஒரு முறை அவரிடம் நேராகக் கேட்டாள்.

"நிஜமாவே போனீங்களாப்பா?"

"அன்னைக்கு நல்ல வெளிச்சம்" என்றார். பிறகு ஏதோ ஸ்பேனரைத் தேடிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

இப்போது கேட்க ஆளில்லை. அடக்கத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அந்தக் கேள்வி வழியை மறித்துக்கொண்டு நின்றது.

கிளப் செவ்வாய்க்கிழமை மதியம் மெதடிஸ்ட் சர்ச்சின் பின்னறையில் கூடியது. முன்பெல்லாம் இரவில் கூடுவார்கள். இருட்டில் கார் ஓட்ட யாருக்கும் கண் ஒத்துழைக்காததால் மதியத்துக்கு மாற்றி, தடித்த திரைகளை இழுத்து அறையை இருட்டாக்கிக்கொண்டார்கள். உறுப்பினர் யாராவது இறந்தால் அவருடைய ஸ்லைடுகளை ஒருநாள் போடுவது வழக்கம். இரங்கல் பேச்சு கிடையாது. திரையில் படம் விழும்; இருட்டிலிருந்து ஆளாளுக்கு இடத்தையும் வருஷத்தையும் சொல்வார்கள். இரண்டு பேர் ஒத்துப்போனால்தான் செயலாளர் சிரில் எழுதிக்கொள்வார். எடுத்தவர் பெயரோடு அது ஆவணக் காப்பகத்துக்குப் போகும்.

எடுத்தவர் பெயர் விஷயத்தில் அங்கே விளையாட்டுக் கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன் ஒருவர் அடுத்தவன் படத்தைத் தன் படமென்று காட்டி மாட்டிக்கொண்டார். சூப்பர்மார்க்கெட்டில் அவர் வந்தால் இவர்கள் இன்றும் வேறு வரிசைக்குப் போய்விடுவார்கள்.

ரூத்தான் புரொஜெக்டரை ஓட்டினாள். முதல் படம் விழுந்தது.

"சவர்பி பிரிட்ஜ்" என்றார் டிரெவர். முன்னாள் பஸ் டிரைவர். எந்த வாக்கியத்தையும் பாதி ஏப்பத்தோடு முடிப்பவர். "அறுபத்தொண்ணு."

"அறுபத்திரண்டுய்யா. அந்த சிக்னல் கம்பத்துக்கு வெள்ளை அடிச்சதே அறுபத்திரண்டுலதான்" என்றார் சிரில்.

"நீதான் அடிச்சியா?"

"அடிச்சவன் என் மச்சான்."

"ஒரே ஆள் சாட்சி. செல்லாது."

"ஹெட்லி, நீ சொல்லு."

ஹெட்லி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெர்னார்ட்டோடு சைக்கிளில் ரயில் பார்க்கப் போன பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். ரூத்துக்கு ஹெட்லி மாமா. "அறுபத்திரண்டு" என்றார். சிரில் எழுதிக்கொண்டார்.

ரூத்தின் தொழில் ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே இயந்திரங்களைச் சரி செய்வது. படத்தைப் பார்க்கும் முன் படத்தில் உள்ள கோளாறைப் பார்க்கும் கண் அவளுக்கு. அப்பாவின் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு கோளாறு இருந்தது. கீழே இடது மூலையில், சின்னப் பல் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு கறுப்புக் குறி. கேமராவுக்குள் பிலிம் பதியும் ஜன்னலில் ஓர் உலோகப் பிசிறு இருந்திருக்கும். அதன் நிழல் ஒவ்வொரு படத்திலும் விழுந்திருந்தது. பழைய கேமரா, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆலையில் அத்தனை இயந்திரத்துக்கும் பிசிறு தேய்த்தவர் தன் கேமராவை மட்டும் அப்படியே விட்டிருந்தார். படத்துக்குப் படம் அந்தப் பல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

மூன்றாவது டப்பாவில் அந்த ஸ்லைடு வந்தது. பனி படிந்த தண்டவாளம், சாய்வான வெயில், கறுப்பு இஞ்சினின் முகத்தில் பச்சையும் சிவப்புமாக மலர் வளையம்.

யாரும் இடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. கிளப்பின் வெள்ளி விழா மலருக்கு அட்டைப்படமாக அச்சிட்ட படம் அது. அந்த அறையின் சுவரிலேயே சட்டம் போட்டுத் தொங்கியது, கீழே 'படம்: பி. மிட்ஜ்லி' என்ற சீட்டோடு. பெர்னார்ட்டுக்கு இந்த உலகத்தில் கிடைத்த புகழ் அவ்வளவுதான்.

"இதை ஒண்ணை வெச்சே அவன் சொர்க்கத்துக்குப் போயிருப்பான்" என்றார் டிரெவர்.

ரூத் இடது மூலையைப் பார்த்தாள். பல் இல்லை. குவியத்தைத் திருகிப் பார்த்தாள். நான்கு மூலையும் கத்தியால் வெட்டிய மாதிரி சுத்தமாக இருந்தன.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. "நான் போய்த் தண்ணி கொதிக்க வைக்கிறேன்" என்று ஹெட்லி எழுந்து போனார். டீ வேளைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

ரூத் விளக்கைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ஹெட்லி கெட்டிலை இன்னும் நிரப்பவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது அப்பா கேமரா இல்ல மாமா."

"உன் கண்ணுல படும்னு தெரியும்."

"யாருது?"

"என்னுது."

"அப்ப அவர் எங்க இருந்தாரு?"

ஹெட்லி கெட்டிலைக் கீழே வைத்தார்.

"கடைசி ரயிலுக்குத்தான் கிளம்பினான். கழுத்துல கேமரா. போற வழியில ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு நின்னிருக்கான். அங்க இருந்த ஆளு, நிலைமை சரியில்ல, ரத்தம் ஏத்தறாங்கன்னுட்டான். அந்தக் காலத்துல ஆம்பளைங்களை உள்ள விடமாட்டாங்க கண்ணு. காத்திருக்கிற அறையிலயும் இவனால உட்கார முடியல. வெளியில பனி. பாய்லர் ரூம்காரன் பாவம்னு கூப்பிட்டு உட்கார வெச்சிருக்கான். நான் ரயில் பாத்துட்டு, உங்கம்மா எப்படி இருக்கான்னு கேக்க ஆஸ்பத்திரிக்கு வரேன், இவன் கரி மூட்டை மேல உட்கார்ந்திருக்கான். ஒரு படம்கூட எடுக்கல."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"உங்கம்மாவுக்கு அன்னைக்கு எவ்வளவு மோசமா இருந்துச்சுன்னு அவளுக்கே தெரியாது. மயக்கத்துல இருந்தா. பாய்லர் ரூமைச் சொன்னா அதையும் சொல்லணும். அவன் சொல்லமாட்டேன்னுட்டான். புகை வாடையை வெச்சு ரயிலுக்குப் போயிட்டான்னு அவளே முடிவு கட்டிட்டா. இவன் இல்லைன்னு சொல்லல."

"கிளப்புல?"

"அடுத்த வாரம் எல்லாரும் கடைசி ரயில் படத்தைக் காட்டறாங்க. உன்னுது எங்கடான்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரியில இருந்தேன்னா இங்க சிரிப்பாங்க, அது அப்படியே ஈனிட் காதுக்கும் போயிடும். நான்தான் ஒண்ணைக் குடுத்தேன். அது அட்டையில வரும்னு யாரு கண்டா?" கெட்டிலை மறுபடி எடுத்துக் குழாயடியில் பிடித்தார். "எனக்கு ஒண்ணும் குறையில்ல. என் படம் சுவத்துல தொங்குது, போதும். நீ வெளியில சொன்னா அவனையும் அந்த சூப்பர்மார்க்கெட் ஆளோட சேத்துடுவாங்க. யோசிச்சுக்க."

ரூத் பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தாள். பிஸ்கட் சுற்றில் போயிற்று. சிரில் பேனாவைத் திறந்தார்.

"ஸ்கெல்பெக், கடைசி நாள். எடுத்தது பெர்னார்ட். அடுத்தது போடும்மா."

தலையாட்டினால் போதும். வீட்டில் திட்டு தொடரும், இங்கே பெயர் நிற்கும். அம்பத்து நாலு வருஷமாக அவர் செய்த ஏற்பாடு அதுதான். ஆனால் அவள் கருவிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள். தப்பென்று தெரிந்த அளவீட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

"எடுத்தது ஹெட்லி மாமா" என்றாள்.

பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது. சிரில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன ஹெட்லி இது?"

ஹெட்லி வாசலில் டீத்தட்டோடு நின்றார். "ஆமா" என்றார்.

"அப்ப பெர்னார்ட் எங்க போயிருந்தான்?" என்றார் டிரெவர்.

"ஆஸ்பத்திரி பாய்லர் ரூம்ல" என்றாள் ரூத்.

"எதுக்கு?"

"நான் பொறந்துக்கிட்டிருந்தேன்."

டிரெவர் வாயிலிருந்த பிஸ்கட்டை விழுங்கிவிட்டு யோசித்தார்.

"எந்த மாதிரி பாய்லர்?"

"லங்காஷயர் நீராவி பாய்லர்" என்றார் ஹெட்லி. "ரெண்டு."

"ரெண்டா? அப்ப அவனுக்கும் அந்த நாள் முழுசா வீணாப் போகல."

முதலில் சிரித்தது யாரென்று ரூத்துக்குத் தெரியவில்லை. சிரில் சிரிக்கவில்லை. எழுந்து சுவருக்குப் போனார். சட்டத்தின் கீழே ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டி உரித்தார். பழைய பசை; நேரம் பிடித்தது.

"சட்டம் சட்டம்தான்" என்றார். உரித்த சீட்டைக் குப்பையில் போடாமல் ரூத்திடம் கொடுத்தார். "பாக்கி டப்பாவை அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டா. அதெல்லாம் அவன் எடுத்ததுதானே?"

"மூலையில பல் இருந்தா அவரோடது."

"அப்ப எல்லாரும் மூலையைப் பாருங்கப்பா" என்றார் சிரில். ரூத் அந்த ஸ்லைடை எடுத்து ஹெட்லியின் கையில் வைத்துவிட்டு அடுத்ததைப் போட்டாள்.

வீட்டில் ஈனிட் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ரூத் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, வேலை அறிக்கை படிக்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தம் ஏற்றியதையும் சொன்னாள். ஈனிட் உரிப்பதை நிறுத்தவில்லை.

"புகை வாடை அடிச்சுதே."

"பாய்லரும்மா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலியே."

"கேக்காம? இத்தனை வருஷம் திட்டினேனே. அது கேக்கறது இல்லியா?" கத்தியைக் கீழே வைத்தார். "அந்த ஆளு மேல எனக்கு இருந்தது ஒரே ஒரு குறை. அதையும் எடுத்துட்டுப் போயிட்டே. இனிமே நான் எதைச் சொல்லி அவரைத் திட்டறது?"

ரூத் பாத்திரத்தை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள். அடுப்பைப் பற்ற வைத்தாள்.

கத்தியை மறுபடி எடுத்து ஒரு கிழங்கை உரித்தபடி ஈனிட் சொன்னார்.

"ஆரஞ்சு கொண்டுவந்தாரு. பையில போட்டு. ஜனவரிக் குளிர்ல. கையில வாங்கறேன், சூடா இருக்கு. இஞ்சின் மேல வெச்சு எடுத்துட்டு வந்திருக்காரு பாருன்னு கோவத்துல நான் ஒண்ணுகூடத் தொடல."

ரூத் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். தண்ணீர் கொதித்து, மூடி ஆடத் தொடங்கியது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மா வந்து அடுப்பை அணைத்து, அவள் கையிலிருந்த துணியை வாங்கி, மகளின் நனைந்த முகத்தைத் துடைத்தார்.