சமையல் மேடையில் அழுகிய இலைகள்

நாங்கள் திருமுல்கேரியில் குடியேறிய வருடம், என் கணவருடைய ஐ.டி. ஆபீஸில் ஆளுக்கொரு தொட்டிச்செடி கொடுத்தார்கள். தடித்த இலைகள் பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் சக்குலென்ட். ஆட்டோ குலுக்கலில் வீடு வந்து சேர்வதற்குள் பாதி இலைகள் உதிர்ந்துவிட்டன.

"தூக்கிப் போட்டுடாதே. ஒவ்வொரு இலையும் ஒரு செடியாகும்" என்றார்.

என் எவர்சில்வர் தட்டுகளில் மண்ணைப் பரப்பி, இலைகளைப் படுக்க வைத்து, சமையல் மேடையிலேயே வைத்தார். ஆபீஸ் போகும்போதும் வந்ததும் தண்ணீர் தெளித்தார்.

சில நாட்களிலேயே இலைகள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. தொட்டால் தோல் கழன்று, சளி மாதிரி விரலில் ஒட்டும். சோற்று வாசனையை மீறி அந்த அழுகல் நாற்றம் அடிக்கும். தொட்டியில் மிச்சமிருந்த செடியின் இடுக்குகளிலோ பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி. ஒன்றை நசுக்கிவிட்டேன். இளஞ்சிவப்பாக நீர் வழிந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏங்க, இதைப் பால்கனியிலயாவது வைங்க. குமட்டுது."

"பூச்சிதானே? பிரஷ்ஷால தேச்சா போயிடும்."

தேய்த்தார். மறுநாள் பல் துலக்கும்போது வாயில் மண் நெருடியது. துப்பினேன். நுரையோடு ஒரு வெள்ளைப் பஞ்சு.

"என் பிரஷ்ஷையா எடுத்தீங்க?"

"பழசுன்னு நினைச்சேன். கழுவித்தானே வச்சேன்?"

குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். பிறகு செடி, மண், தட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கீழே கொண்டுபோனேன். கீழ் வீட்டிலிருந்த வீட்டுக்கார அம்மா லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர். அந்த ஊர் உருது கலந்துதான் பேசுவார்: 'ஏன்' என்பதற்கு 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. பையை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அய்யோ, இத்தனை தண்ணி கைக்கு ஊத்துனீங்க? இதுக்குத் தண்ணியே நக்கோம்மா, காய விட்டா தானா வேர் வுடும்."

"ஹவ்" என்று அவர் பாணியிலேயே ஆமாம் போட்டேன். அதற்குமேல் வாயைத் திறந்தால் மறுபடி வாந்தி வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அடுத்த மாதம் கேஸ் சிலிண்டரை நகர்த்திப் பெருக்கியபோது, உதிர்ந்த இலை ஒன்று அங்கே கிடந்தது. அதன் நுனியில் மயிர் போல வேர்கள், நடுவில் ஒரு குட்டிச் செடி. பழைய இலை பாம்புச் சட்டை போலச் சுருங்கியிருந்தது.

"பாத்தியா! பாத்தியா!" என்று குதித்தார் என் கணவர்.

பிணத்திலிருந்து புழு தலைநீட்டுவது போலத்தான் எனக்குத் தெரிந்தது. ஆபீஸுக்கே எடுத்துப் போய்விடச் சொன்னேன். அங்கே அது பல்கிப் பெருகி மேஜையை நிறைத்துவிட்டதாம். நான் போய்ப் பார்க்கவில்லை.