பருப்பு வாங்கும் சிங்களம்

மழை கொஞ்சம் பலமாக இரைந்தால் நான் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்து, நாங்கள் குடியிருந்த காம்பராக்களை மண் மூடிய நாளிலிருந்து வந்த பழக்கம் இது. பகல் நேரம் என்பதால் எல்லோரும் வேலைக்காட்டில் இருந்தார்கள், உயிர் தப்பியது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில்தான் எனக்கு டீச்சர் வேலை. அங்கே ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்ட அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

செய்தி கேட்டு மகள் பல்கலைக்கழகத்திலிருந்து ஓடிவந்தாள். நிர்வாகம் படிக்கிற முகாமைத்துவப் பிரிவு, இரண்டாம் வருடம். தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் சேலைகளைக் கட்டி மறைத்து, குடும்பத்துக்கு ஒரு மூலையாக இருந்தோம். பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி யார் வந்தாலும், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டு மற்றவர்கள் பின்னால் நின்று தலையாட்டுவோம். இந்த முறை முன்னால் நின்றது என் மகள். விடுதியில் சிங்களப் பிள்ளைகளோடு பழகிய பேச்சு. கிராம சேவகரே அவளுக்கு மரியாதையாகப் பதில் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மைதான். ஆனால் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவை எழுதலம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள்.

லயத்துத் தலைவர் அன்றைக்கே வந்துவிட்டார். "டீச்சர், பாப்பா போயிட்டா எங்களுக்கு வாய் ஏது? வீடு குடுக்கிற வரைக்கும் இருக்கட்டுமே."

"வீடு எப்பங்க குடுப்பாங்க?"

"அது அவங்களுக்குத்தான் தெரியும்."

"எங்கப்பா காலத்துல இருந்து குடுக்குறாங்க தலைவரே. அது வரைக்கும் எம் மக ரெண்டாம் வருஷத்துலயே நிக்கணுமா?"

என் கணவர் தொண்டையைச் செருமினார். பேச்சை நிறுத்து என்று அர்த்தம். நான் நிறுத்தவில்லை.

மறுநாள் மலைத் தண்ணீர் விழும் பீலியில் துணி அலசும்போது அவளைப் பிடித்தேன். "போன வருஷம் ரெண்டு பாடம் போச்சே, அந்தப் பயமா?"

"இல்ல. நீங்க செருப்போட தூங்குறீங்க. எப்படிம்மா விட்டுட்டுப் போறது?"

"அத நான் பாத்துக்கிறேன். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பப் பிழிந்தாள். "லெச்சர் பூரா இங்கிலீஷு. அங்க நான் ஒண்ணுமே இல்லம்மா. இங்க எல்லாரும் என்னையத் தேடுறாங்க."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டால் விடமாட்டேன் என்று தெரியும். "தேடட்டும். நீ இல்லாட்டி வேற ஆளத் தேடுவாங்க."

"யார?"

"என்னைய."

சிரித்துவிட்டாள். "உங்க சிங்களத்துல கடையில பருப்பு மட்டும்தாம்மா வாங்கலாம்."

"பருப்பு கேக்கத் தெரிஞ்சவளுக்கு வீடு கேக்கத் தெரியாதா? போய் அந்த ரெண்டு பாடத்தையும் சேத்து எழுது. விழுந்தா திரும்ப எழுது. இங்க ஒளியாத."

தலவாக்கலையில் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அந்தப் பாதையிலும் அங்கங்கே மண் இறங்கிக் கிடந்தது. இறங்கி வா என்று கத்த வாய் வந்தது. பையை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். எல்லோரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நகர்ந்தார்கள். நான் முன்னால் போனேன்.

"மாத்தயா, அபிட்ட கெயக் நே. கவதத தென்னே?" ஐயா, எங்களுக்கு வீடில்லை, எப்போது தருவீர்கள். அவ்வளவுதான் வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவரும்தான். அதிகாரி எதையோ வேகமாகச் சொன்னார், பாதி புரியவில்லை. மெதுவாகச் சொல்லச் சொல்லி, என் கேள்வியையே திரும்பக் கேட்டேன். மூன்றாம் தடவை கேட்கும்போது யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து மூலைக்காரி என் பக்கத்தில் வந்து நின்று, தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் தண்ணீர் கேட்டாள். வீடு இன்னும் வரவில்லை. அவர் வரும்போதெல்லாம் கேட்கிறேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் மகள் போன் பண்ணினாள். மண்டபத்துத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"அங்க மழையாம்மா? செருப்ப கழட்டிட்டீங்களா?"

"எப்பவோ கழட்டிட்டேன். நீ படி."

செருப்பு காலில்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். அவள் எழுதட்டும்.